வண்டி வந்த வழி

கோக்-தாலா
2004 ஏப்ரல் 3

அக்கா,

டிவியில உன் மூஞ்சியப் பாத்தேன். நான் மட்டும் பாக்கல. போலீஸ் ஸ்டேஷன்ல இருந்த அத்தனை பேரும் பாத்தானுங்க. கடிச்ச சம்சா வாயிலேயே நிக்க, என்னையும் டிவியையும் மாறி மாறிப் பாத்தானுங்க. "அஞ்சு பேர் வைத்த குண்டுக்கு ஐந்நூறு பேரை அள்ளிக்கொண்டு போனால், அந்த அஞ்சு பேருக்கு நாமே ஆள் சேர்த்துக் கொடுக்கிறோம்"னு சொன்னியே, அள்ளிக்கிட்டுப் போனவன் யாரு? உன் கூடப் பொறந்தவன். கேப்டன் எசென். கோக்-தாலா சந்தையோட காவல் என் தலையிலதான் இருக்குன்னு உனக்குத் தெரியாதா, இல்ல தெரிஞ்சேதான் பேசினியா?

மறுநாள் கர்னல் கூப்பிட்டு விட்டார். "உங்க அக்கா லண்டன் வரைக்கும் போய்ப் பூட்டு போடறது எப்படின்னு படிச்சுட்டு வந்தாங்களாமே?"ன்னு கேட்டார். சுத்தி இருந்தவனெல்லாம் சிரிச்சான். நானும் சிரிச்சேன். வேற என்ன பண்றது?

நவ்ரூஸ் பண்டிகைக்கு முந்தின நாள் இங்க என்ன நடந்ததுன்னு உனக்குச் செய்தியில சொன்னது தெரியும். துணிக்கடை வரிசையில ஒரு தள்ளுவண்டி நின்னுச்சு, வெடிச்சுது, மூணு பேர் செத்தாங்க. இவ்வளவுதானே சொன்னாங்க? அதுல ஒருத்தி ரொட்டி விக்கிற பாத்மா. சின்ன வயசுல நமக்கு ஓரம் கருகின ரொட்டியச் சும்மா குடுப்பாளே, அவதான். ஒரு கைய எடுத்தேன் அக்கா. மோதிரத்த வெச்சுத்தான் அவ கைன்னு தெரிஞ்சுது. நீ அந்தப் புகைய ஒரு தடவ மோந்துட்டு அப்புறம் டிவியில பேசு.

ஆளப் பிடிச்சாச்சு. ஐந்நூறு பேர அள்ளினோமே, அந்த மேல் மஹல்லாத் தெருவுல தள்ளுவண்டி ரிப்பேர் பண்ற தில்முராத். வெடிச்ச வண்டியோட அச்சுல அவன் வெல்டிங் இருக்கு. மாகாண ஆபீசுக்கு அனுப்பிட்டேன்.

போன் பண்ணாத. எடுக்க மாட்டேன். ஸ்டேஷன் போனுக்கு வேற காதும் இருக்கு. எழுதியே ஆகணும்னா பிஷ்கெக் மினிபஸ் டிரைவர்கிட்ட குடுத்து விடு. எழுதாம இருந்தா இன்னும் நல்லது.

எசென்

*

பிஷ்கெக்
ஏப்ரல் 8

எசென்,

மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன், அதைத் தேடிக்கொண்டு கடைசி வரைக்கும் படிக்க வேண்டாம்.

பாத்மாவை நினைத்து நானும் அழுதேன். அழுத பிறகுதான் டிவிக்குப் போனேன். எனக்குத் துக்கம் இல்லை என்று நீ நினைத்தால் உன்னோடு பேச ஒன்றுமில்லை.

உன் கர்னலிடம் சொல்: ஆமாம், குற்றம் நடக்கும் முன்பே தடுக்கிற படிப்பு, பூட்டு போடத்தான் படித்தேன். அதில் எனக்கு வெட்கமில்லை. திருடன் மனம் திருந்தட்டும் என்று எந்த ஊரும் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதில்லை. குண்டு என்றதும் மட்டும் நம்மவர்களுக்குப் புத்தி மாறிவிடுகிறது. யார் வைத்தான், அவன் மதம் என்ன, தாடி எவ்வளவு நீளம் என்று மனதுக்குள் புகுந்து தேடுகிறீர்கள். தேடிக் களைத்ததும் கண்ணில் படுகிறவனைப் பிடிக்கிறீர்கள்.

'யார்' என்பதைக் கொஞ்சம் தள்ளி வை. 'எப்படி' என்று கேள். குண்டுக்குச் சிறகில்லை தம்பி. எங்கோ ஒரு கொட்டகையில் கட்டினார்கள். எதிலோ ஏற்றினார்கள். உன் சந்தைக்கு இருக்கிற வாசல்களில் ஒன்றின் வழியாக உள்ளே கொண்டுவந்தார்கள். ஒருவன் அதைத் துணிக்கடை வரிசையில் விட்டுவிட்டு நடந்து போனான். வழியெல்லாம் ஆட்கள் இருந்தார்கள். "என்னப்பா இது, யாருக்கு?" என்று ஒருவர்கூட ஏன் கேட்கவில்லை? கேட்காதபடி அந்த இடத்தில் என்ன இருக்கிறது? அதை மாற்ற முடியுமா? நான் மாணவர்களுக்குச் சொல்லித் தருவதெல்லாம் இவ்வளவுதான். ஒருவன் மனதிலிருந்து வெறுப்பைப் பிடுங்க உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் வருகிற வழியைக் கடினமாக்கத் தெரியும்.

நாளைக் காலை உடுப்பைக் கழற்றிவிட்டு, மூட்டை ஏற்றிய ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு துணிக்கடை வரிசைக்குப் போ. யார் தடுக்கிறார்கள் என்று பார்த்து எழுது. கேப்டனுக்கு அது கௌரவக் குறைச்சல் என்றால் சொல், நானே வந்து தள்ளுகிறேன்.

சிர்கா

*

கோக்-தாலா
ஏப்ரல் 16

அக்கா,

தள்ளினேன். நீ சொன்னதுக்காக இல்ல. கடைசி வரில ஒரு குத்து வெச்சியே, அதுக்காக.

அப்பாவோட பழைய கோட்டு, தலையில கல்பாக் தொப்பி. நாலு உருளைக்கிழங்கு மூட்டை. தெக்கு வாசல்ல ஒரு நாய்கூடக் குலைக்கல. உள்ள போனதும் ஒரு பொம்பள, "டேய், வழி விடச் சொல்லி போஷ் போஷ்னு கத்திக்கிட்டுப் போடா, கால்ல ஏத்தாத!"ன்னு திட்டினா. என்னையத் தடுத்த ஒரே ஆள் அவதான். பாத்மா உக்காந்திருந்த இடத்துக்குப் பக்கத்துல வண்டிய விட்டுட்டு எதிர்ல போய் டீ குடிச்சேன். ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டுத் திரும்பிப் பாக்கறேன், அந்தத் துணிக்கடை அம்மா என் வண்டிய இழுத்து ஓரமா நிறுத்தி, மூட்டை மேல பாவாடைய விரிச்சு அடுக்கி வியாபாரம் பண்ணிட்டு இருக்கு! வெடிச்ச கறை சுவத்துல இன்னும் போகல அக்கா. அந்தச் சுவத்துக்கு முன்னாடியே.



சரி, நீ ஜெயிச்சேன்னு குதிக்காத. எனக்கும் கேக்கத் தெரியும். சாகத் துணிஞ்சவனுக்குச் சமுத்திரமும் முழங்கால் மட்டம். திருடனுக்கு மாட்டற பூட்ட அவனுக்கு மாட்டி என்ன பிரயோசனம்? இங்க அடைச்சா பஸ் ஸ்டாண்டுக்குப் போவான். அங்க அடைச்சா பள்ளிக்கூடத்துக்குப் போவான். ஊரையே பூட்டிச் சாவிய நீ வெச்சுக்கறியா?

இன்னொண்ணு. சந்தையில ஓடற வண்டில பாதிக்கு மேல தில்முராத் வெல்டிங்தான். உண்மையச் சொன்னா எங்க ஸ்டேஷன் கேட்டுலயும் அவன் வேலதான். சரி பண்ண வண்டியத் தெருவுல நிறுத்தி வெச்சிருப்பான், சொந்தக்காரன் வந்து எடுத்துக்குவான். எவன் வேணா எடுக்கலாம். அத நான் இப்பதான் யோசிச்சேன். ஆனா அவன் கையெழுத்துப் போட்டுட்டான் அக்கா, நான்தான் செஞ்சேன்னு. அதுக்கு மேல நான் என்ன பண்ண?

எசென்

*

பிஷ்கெக்
ஏப்ரல் 25

எசென்,

உன் கடிதத்தைப் படிக்கும்போது என் சமையலறையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஹஃபீசா. தில்முராத்தின் மனைவி. மலையைத் தாண்டி ராத்திரி முழுக்க மினிபஸ்ஸில் வந்திருக்கிறாள். டிவியில் பேசிய பெண், கேப்டனின் அக்கா என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கத்தப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், மெதுவாகப் பேசினாள்.

"உங்க தம்பி எங்க வீட்டுக் கதவத் தட்டல அக்கா. உதைச்சார். தட்டியிருந்தா நாங்களே திறந்திருப்போம்."

டீயை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினேன்.

"ஒரே ஒரு தடவ பாக்க விட்டாங்க. டீய ரெண்டு மணிக்கட்டாலயும் தூக்கிக் குடிக்கறார். விரல் மடங்கல."

அந்த விரலால் எப்படிக் கையெழுத்துப் போட்டான் என்று உன் கர்னலைக் கேள். எனக்குத் தெரியாது, மாகாண ஆபீசில் நடந்தது என்று நீ சொல்வாய். அனுப்பியவன் நீ.

இரக்கத்தினால் மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்காதே. என் தொழிலும் அதைத்தான் சொல்கிறது. உண்மையில் குண்டு வைத்தவர்கள் இப்போது என்ன தெரிந்துகொண்டிருக்கிறார்கள்? வாசல் திறந்திருக்கிறது, வேறொருவன் தண்டனை அனுபவிக்கிறான். இரண்டும் அவர்களுக்கு வசதி. பலித்த வழியை யாரும் லேசில் மாற்றுவதில்லை. அதே வழியில் வருவார்கள்.

சாகத் துணிந்தவன் என்றாய். வண்டியை விட்டுவிட்டு நடந்து போனானே, அவனா சாகத் துணிந்தவன்? அவன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சூப் குடிக்க ஆசைப்பட்டவன். பயப்படுவான். கணக்குப் போடுவான். இங்கே அடைத்தால் அங்கே போவான் என்கிறாய். அவன் தண்ணீர் இல்லை எசென், மேட்டில் அடைத்ததும் தானாகப் பள்ளத்துக்கு ஓட. மனுஷன். பழகின இடத்தை விட்டுப் புது இடம் தேட வேண்டும், புதுப் பொய் சொல்ல வேண்டும், அப்போது தடுமாறுவான். சிலர் அலுத்துப்போய் விட்டும் விடுவார்கள். எல்லாரையும் தடுக்கலாம் என்று நான் சொல்லவே இல்லை. தடுக்க முடிந்ததையும் தடுக்காமல் இருப்பதைத்தான் கேட்கிறேன்.

வண்டிகளுக்கெல்லாம் பெயின்டில் எண் போடு. எண் இல்லாத வண்டியும் ஆள் இல்லாத வண்டியும் கடை வரிசைக்குள் நிற்கக் கூடாது. வெளியே ஒரு களம் ஒதுக்கு. தெற்கு வாசலை மூடு. கன்டெய்னர் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற சந்து வழியை அடை. பிறகு மஹல்லாவுக்குப் போ, கதவைத் தட்டு. அந்தத் தெருவில் ஒரு புது முகம் நடமாடினால் உனக்கு யார் வந்து சொல்ல வேண்டும்? நீ கதவை உதைத்தாயே, அவர்கள்தான்.

ஹஃபீசா ஒரு வாரம் இங்கேதான் இருப்பாள். அவளுக்கு வக்கீல் பார்த்துவிட்டேன். அதையும் உன் கர்னலிடம் சொல்லிக்கொள்.

சிர்கா

*

கோக்-தாலா
மே 12

அக்கா,

உன் புத்தகத்துல பால்கார வரிசைப் பொம்பளைங்களப் பத்தி ஒரு பக்கமாவது இருக்கா? இருக்காது. இருந்திருந்தா தெக்கு வாசல மூடுன்னு எழுதியிருக்க மாட்ட.

மூடினேன். கம்பிக் கதவு போட்டுப் பெரிய பூட்டும் போட்டேன். மறுநாள் காலைல போறேன், கதவு இருக்கு, பூட்டும் இருக்கு, பூட்டினபடியே கால்வாய்ல கிடக்கு! கீலோட பேத்துத் தூக்கிப் போட்டிருக்காளுங்க. காய்ஞ்ச தயிர்க் குருத் உருண்டை விக்கிற உல்கான் இருக்காளே, உனக்குக்கூட ஒரு தடவ உப்பு அதிகமா இருக்குற உருண்டையக் குடுத்து ஏமாத்தினா, அவதான் தலைவி. இடுப்புல கை வெச்சுக்கிட்டு நடுவுல நிக்கறா.

"யார் பண்ணது?"

"காத்து."

"இரும்புக் கதவ எந்தக் காத்து தூக்கும்?"

"எங்க காத்து தூக்கும் கேப்டன். கிராமத்துல இருந்து பால் இந்த வழியாத்தான் வரும். சுத்திக்கிட்டு வந்தா வெயில்ல திரிஞ்சிரும். குண்டு வந்தா ஒரு நாள் சாவோம். வாசல் மூடினா தினம் சாவோம். எது வேணும், நீயே சொல்லு!"

சொல்லி முடிச்சதும் ஒரு குருத் உருண்டை பறந்து வந்து தொப்பியில பட்டுச்சு. கல்லு மாதிரி இருந்துச்சு. போலீஸ்காரனுங்க குனிஞ்சு சிரிக்கறானுங்க. நான் அதப் பொறுக்கி வாயில போட்டுக்கிட்டுத் திரும்பி வந்தேன். வேற எப்படி மானத்தக் காப்பாத்தறது?

மத்ததெல்லாம் பண்ணியாச்சு. வண்டிக்கெல்லாம் சிவப்புல எண் போட்டோம். கன்டெய்னர் சந்து வழியத் தகரம் வெச்சு அடைச்சாச்சு. கர்னல் வந்து பாத்துட்டு, "கழுதைக்கும் நம்பர் போட்டாச்சா?"ன்னு கேட்டுட்டுப் போனார்.

மஹல்லாவுக்கும் போனேன். தட்டினேன். தெரு முழுக்கத் தட்டினேன். உள்ள ஆள் இருக்குற சத்தம் கேட்டுச்சு. ஒருத்தரும் திறக்கல.

தில்முராத் கையப் பத்திக் கேட்டேன். "உன் வேலையப் பாரு"ன்னாங்க.

எசென்

*

பிஷ்கெக்
மே 20

எசென்,

வயிறு வலிக்கச் சிரித்தேன். வாசல் விஷயத்தில் உல்கான் சொல்வதுதான் சரி. லண்டன் சந்தையில் நாட்டுப் பால் வருவதில்லை. ஆனால் இதையும் யோசி: மூடின வாசலை ராத்திரியோடு ராத்திரியாகப் பேர்த்தெறிகிற அளவுக்கு அது வேண்டும் என்கிறார்களே, அவர்களைவிட நல்ல காவல் உனக்குக் கிடைக்குமா? உன் போலீஸ்காரன் சம்பளத்துக்கு நிற்பான். அவர்கள் பாலுக்கு நிற்பார்கள். வாசலை அவர்களிடமே கொடு. திறந்தே இருக்கட்டும், ஆனால் எண் இல்லாத வண்டியை உள்ளே விடுவதில்லை என்று உல்கானோடு பேசி முடி. ஆணை போடாதே. பேசு.

இங்கே என் கதை. நான் பாடம் எடுக்கிற பயிற்சி நிலையத்தில் இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு தாளை நீட்டினார்கள். டிவியில் சொன்னது தவறு, உணர்ச்சிவசப்பட்டுப் பேசிவிட்டேன் என்று நான் எழுதியதாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள்.

"ஒரு கையெழுத்துதானம்மா," என்றார் இயக்குநர். "போட்டுட்டா எல்லாம் முடிஞ்சிரும்."

"எது முடியும்?"

"இந்தப் பேச்செல்லாம்."

"அப்ப போட மாட்டேன். எனக்கு இன்னும் பேச நிறைய இருக்கு."

வகுப்பிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மாணவர்கள் நடைபாதையில் என்னைப் பார்த்தால் சுவரைப் பார்க்கிறார்கள். என் விரல்கள் நன்றாகத்தான் மடங்குகின்றன தம்பி, பேனா பிடிக்கின்றன. ஆனாலும் போடவில்லை. உன்னிடம் பெருமை பேசத்தான் எழுதுகிறேன், வேறு யாரிடம் பேசுவது?

சிர்கா

*

கோக்-தாலா
ஜூன் 14

அக்கா,

அவசரத்துல எழுதறேன். எழுத்து கோணினா பொறுத்துக்க.

நேத்து சந்தை நல்ல கூட்டம். தெக்கு வாசல்ல உல்கானும் இன்னும் ரெண்டு பேரும் இருந்தாங்க. நீ சொன்ன மாதிரியே உக்காந்து பேசி முடிச்சிருந்தேன். "நீ ஸ்டேஷனப் பாத்துக்க, வாசல நாங்க பாத்துக்கறோம்"னு என்னையத் துரத்தி விட்டிருந்தா. ஒருத்தன் வெங்காய மூட்டை ஏத்தின வண்டியத் தள்ளிக்கிட்டு வந்திருக்கான்.

"எண் எங்க?"ன்னு உல்கான் கேட்டிருக்கா.

"பெயின்ட் காஞ்சு போச்சு அக்கா."

"காஞ்சா ஒட்டிக்கும்டா, ஓடிப்போகாது. யாருக்கு வெங்காயம்?"

"என் மாமாவுக்கு."

"மாமாவுக்குப் பேரு இல்லையா? வண்டிய அந்தக் களத்துல விட்டுட்டுப் போய் மாமாவக் கூட்டிட்டு வா."

அவன் சிரிச்சுட்டு வண்டியத் திருப்பியிருக்கான். பெரிய வாசலுக்குப் போயிருக்கான், அங்க என் ஆளும் எண் எங்கன்னு கேட்டிருக்கான். அதுக்குள்ள அவனுக்கு முகமெல்லாம் வேர்வை. கால்வாய்க் கரையில வண்டிய விட்டுட்டு வேகமா நடந்தான். ஆளில்லாத வண்டியப் பாத்ததும் உல்கான் போட்ட கூச்சல் மலைக்கே கேட்டிருக்கும். வரிசை வரிசையா ஜனத்த விரட்டினோம். ஒரு பொம்பள கைமக் பாலாடைச் சட்டிய விட்டுட்டு வர மாட்டேன்னு நின்னா, சட்டியோட தூக்கிட்டு ஓடினேன். அப்புறம் வெடிச்சுது. கால்வாய்த் தண்ணி சுவர் மாதிரி எழும்பி எங்க மேல கொட்டுச்சு. கண்ணாடி வெட்டினது சில பேருக்கு. சாவு இல்ல. ஒருத்தர்கூட இல்ல அக்கா.

ரெண்டு வாசல்லயும் நின்னு பொய் சொன்னதால அவன் முகம் பல பேருக்குப் பதிஞ்சு போச்சு. இன்னிக்குக் காலைல அடுத்த ஊர் பஸ் ஸ்டாண்டுல பிடிச்சாங்க. மார்ச்ல வெச்சதும் நாங்கதான்னு ஒத்துக்கிட்டான். நான் அள்ளிக்கிட்டுப் போன ஐந்நூறு பேருல ஒருத்தருக்கும் அவன் யாருன்னு தெரியாது.

கர்னல்கிட்ட ஓடினேன். "அப்ப தில்முராத்த விட்டுரலாம் சார்"ன்னேன். அவர் என்னைய ஒரு மாதிரி பாத்தார். "எதுக்கு விடணும்? வண்டிய ரிப்பேர் பண்ணிக் குடுத்த கூட்டாளி"ன்னார். வழக்கு அடுத்த மாசம் கோர்ட்டுக்கு வருது. அரசாங்கத் தரப்பு சாட்சி நான்.

எசென்

*

பிஷ்கெக்
ஜூன் 20

எசென்,

உயிரோடு இருக்கிறாய். முதலில் அதற்காக ஒரு ரொட்டி வாங்கி அக்கம்பக்கத்துக்கெல்லாம் பிட்டுக் கொடுத்தேன். உல்கானின் கையை நான் முத்தமிட்டதாகச் சொல். உப்பு உருண்டையை மன்னித்துவிட்டேன்.

கோர்ட்டில் என்ன சொல்வது என்று நீ கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை. நீ ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தவன். பார்த்ததைச் சொல்.

சிர்கா

*

கோக்-தாலா
ஜூலை 23

அக்கா,

நீ எழுதினது சின்னக் கடிதம். ஆனா அது என்னைய மூணு ராத்திரி தூங்க விடல.

கோர்ட்டுல அரசு வக்கீலுக்கு அவசரம். "வண்டி அச்சுல இருக்குற வெல்டிங் குற்றவாளி போட்டதுதானே?"ன்னார்.

"ஆமா."

"அவ்வளவுதான், உக்காருங்க."

"உக்கார மாட்டேன்"ன்னேன். எனக்கே என் குரல் யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. "இந்த ஊர் வண்டில பாதி அவர் வெல்டிங்தான். அது குத்தம்னா சந்தையையே உள்ள போடணும். அந்த வண்டி எந்த வழியா வந்துச்சுன்னு நான் தள்ளிப் பாத்தேன். அவர் இல்லாமலே அது வந்திருக்கும். எவன் வேணா எடுத்திருக்கலாம், எந்த வாசல்லயும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. கேக்காம விட்டது என் காவல். அப்புறம் இன்னொரு வண்டி வந்துச்சு, அதே ஆளுங்க கட்டினது. அப்ப இவர் ஜெயில்ல இருந்தார்."

வக்கீல் சிவந்துட்டார். "கேப்டன், நீங்க எந்தப் பக்கத்துச் சாட்சி?"

"குண்டு வெடிச்ச பக்கத்துல நின்ன சாட்சி."

கடைசி வரிசையில இருந்த கர்னல் எழுந்து வெளிய போனார். நான் நிறுத்தல. "ஐயா, அந்த வாக்குமூலத்துல இருக்குற கையெழுத்தப் பாத்தீங்க. ஒரு தடவ அவர் கையப் பாருங்க"ன்னேன். நீதிபதி கண்ணாடிய எடுத்துப் போட்டுக்கிட்டார். அப்புறம், "தூக்குப்பா"ன்னார். தில்முராத் கூண்டுக்குள்ள இருந்து ரெண்டு கையையும் தூக்கினார். ஹஃபீசா அங்க உக்காந்து நேரா நீதிபதியையே பாத்துக்கிட்டு இருந்தா, அழவே இல்ல. மத்தவங்கதான் தலையக் குனிஞ்சாங்க.

வழக்கு மறு விசாரணைக்குத் திரும்பிப் போச்சு. போன வாரம் அவர விட்டுட்டாங்க. அடுத்த நாளே எனக்கும் ஆணை வந்துச்சு: ஒழுங்கு மீறல், வேலை நீக்கம். உடுப்பத் துவைச்சு மடிச்சுத் திருப்பிக் குடுத்தேன். கறையோட குடுத்திருக்கணும்.

தில்முராத் வீட்டுக்குப் போனேன். இந்தத் தடவ கதவு திறந்துச்சு, அவரே நின்னார். மன்னிச்சிருங்கன்னு ஆரம்பிச்சேன்.

"அத உங்க கர்னல்கிட்டக் குடுங்க"ன்னார். "எனக்கு விரல் வேணும். இருக்கா?"

என்கிட்ட என்ன இருக்கு? அவர் கதவச் சாத்தினார். அவர் செஞ்சது சரி.

எசென்

*

பிஷ்கெக்
ஆகஸ்ட் 6

எசென்,

உன் கடிதத்தைப் பேருந்து நிலையத்திலேயே நின்று படித்தேன். டிரைவர் கேட்டான்: "கெட்ட செய்தியா அக்கா?" "இல்லடா, என் தம்பிக்கு வேலை போயிருச்சு," என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

எனக்கும் இரண்டாவது தாள் வந்தது. அதன் பின்பக்கத்தில் ராஜினாமாவை எழுதித் திருப்பிக் கொடுத்தேன். இப்போது நம் வீட்டில் இரண்டு பேருக்கும் உத்தியோகம் இல்லை. அம்மா இருந்திருந்தால் நம் இரண்டு பேர் காதையும் பிடித்துத் திருகியிருப்பாள்.

தில்முராத் உன்னை மன்னிக்க வேண்டிய அவசியமில்லை. அதை எதிர்பார்த்து அந்தத் தெருவில் நடக்காதே. ஆனால் நட. புதிதாக வருகிற கேப்டனுக்கு வாசல் காவல், வண்டி எண் எல்லாம் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆள் அள்ளுவது சுலபம், டிவியில் நன்றாகத் தெரியும். அதை மறுபடியும் செய்வார்கள்.

ஊருக்கு வரச் சாமான் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

சிர்கா

*

கோக்-தாலா
செப்டம்பர் 2

அக்கா,

இந்தக் கடிதம் உன் கையில கிடைக்கறதுக்குள்ள நீயே பஸ் ஏறிருவ. இருந்தாலும் எழுதறேன். சூடு ஆறிட்டா இத எனக்குச் சரியாச் சொல்ல வராது.

நீ சொன்னபடியே நடந்துச்சு. ஆகஸ்ட் 31, சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் காலைல புதுக் கேப்டன் ரெண்டு வேனோட மேல் மஹல்லாவுக்குக் கிளம்பினான். "முன்னெச்சரிக்கை"யாம். நான் சந்தையில இருந்தேன். உடுப்பு இல்லாட்டியும் தினம் காலைல தெக்கு வாசல்ல நிக்கறேன், உல்கான் டீ குடுக்கறா. வேன் போற திக்கப் பாத்ததும் அவதான் முதல்ல எழுந்தா.

"பாலெல்லாம் நிழல்ல வைங்க. வண்டிய எடுங்கடி!"

நான் போய்ச் சேர்றதுக்குள்ள மஹல்லா முக்குல, சந்து இருக்குற அகலத்துக்குத் தள்ளுவண்டிங்க குறுக்க நின்னுச்சு. எல்லாத்துலயும் சிவப்பு எண். வண்டிக்குப் பின்னால பால்கார வரிசைப் பொம்பளைங்க. நான் போய் நடுவுல நின்னேன்.

புதுக் கேப்டன் சின்னப் பையன் இல்ல, என் வயசுதான். இறங்கி வந்தான். "சிவில் ஆளுக்கு இங்க என்ன வேலை?"

"யாரத் தேடறீங்க?"

"சந்தேகப்படற ஆளுங்கள."

"பேரு சொல்லுங்க, நானே கூட்டிட்டு வரேன்."

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்."

"பேரு தெரியாமத்தான் நானும் போன தடவ ஐந்நூறு பேர அள்ளினேன். குண்டு வெச்சவன் அப்ப அடுத்த ஊர்ல உக்காந்து சூப் குடிச்சுக்கிட்டு இருந்தான். அவனத் தடுத்தது நீங்களும் இல்ல, நானும் இல்ல. இதோ, இந்த உல்கான். இவங்க வழிய விட்டு விலகச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்."

"வண்டிய நகத்துங்க!"ன்னு கத்தினான்.

"எந்த எண்ணுள்ள வண்டியன்னு சொல்லுங்க கேப்டன்," உல்கான் கேட்டா. "எண் சொல்லாம எங்க ஊருல எதுவும் நகராது."

அவன் ஆளுங்களே சிரிச்சுட்டானுங்க. அவன் இடுப்புல கை வெச்சான், அங்க என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும். நான் வண்டியோட கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டேன். அப்பதான் பின்னால கதவுங்க திறக்கற சத்தம் கேட்டுச்சு. ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு, அப்புறம் தெரு முழுக்க. மஹல்லா ஆம்பளைங்க வந்தாங்க. ஹஃபீசா வந்தா.  வந்து எங்களோட நின்னாங்க. யாரோ எனக்கு இடது பக்கமா வந்து நின்னு, வண்டியோட கைப்பிடில மணிக்கட்ட வெச்சு அழுத்தினாங்க. திரும்பிப் பாத்தா தில்முராத். அவர் என்னையப் பாக்கல. கேப்டனையே பாத்துக்கிட்டு இருந்தார். கூட்டம் நெருக்கினதுல அவர் தோள் என் தோள்ல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. விலகல.

எவ்வளவு நேரம் நின்னோம்னு தெரியல. கேப்டன் போன் எடுத்து யார்கிட்டயோ பேசினான், தலையாட்டினான், ஏறி உக்காந்தான். வேன் ரெண்டும் ரிவர்ஸ்லயே போச்சு, சந்துல திருப்ப இடம் இல்ல.

ஒருத்தரும் கை தட்டல. நாளைக்கு வேற பக்கமா வருவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். உல்கான்தான் வாயத் திறந்தா: "போதும் வேடிக்கை! பால் திரியுது, தள்ளுங்கடா!"

தில்முராத் அந்தப் பக்கம் பிடிச்சார், நான் இந்தப் பக்கம் பிடிச்சேன். தள்ளினோம்.

எசென்